பூட்டிக் கிடந்த கிராமத்து வீடு: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

குடும்பத்துக்குப் பொதுவான கிராமத்து வீடு ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கிறது. விடுமுறைக்கு யாராவது போய்க் கதவைத் திறந்தால் நான்கைந்து கோளாறுகள் ஒன்றாகக் கண்ணில் படுகின்றன. கையில் இருப்பதோ இரண்டு நாள். அதனால் கறையின் மேல் வண்ணம் பூசி, விரிசலில் சிமெண்ட் அப்பி, ஒழுகும் இடத்தில் வாளியை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அடுத்து வரும் தம்பியோ சித்தப்பாவோ அதே கோளாறை இன்னும் முற்றிய நிலையில் பார்க்கிறார். முதுமையால் கெடும் வீடுகளைவிட, காரணம் தேடாமல் பூசிய பூச்சால் கெடும் வீடுகளே அதிகம் என்பது என் எண்ணம்.

அறிகுறிகளின் பெயரிலேயே பகுதிகளைப் பிரித்திருக்கிறேன். உங்கள் வீட்டில் தெரிவது எதுவோ, நேராக அந்தப் பகுதிக்குப் போகலாம். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று: துடைப்பதற்கோ கழற்றுவதற்கோ பூசுவதற்கோ முன்னால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஈரம் எங்கே தொடங்கியிருந்தது, தூள் எங்கே குவிந்திருந்தது என்பதெல்லாம் கூட்டிப் பெருக்கிய பிறகு தெரியாது.

மெயின் சுவிட்சைப் போடும் முன்

முதலில் வீட்டுக்குள் போகாமல் வெளியே ஒரு சுற்று நடந்து வாருங்கள். சரிந்த ஓடு, அடைத்த வடிகுழாய், சுவரை ஒட்டிக் குவிந்த மண், புதிதாகச் சாய்ந்த மரம் ஆகியவற்றை இந்த ஒரு நடையில் பார்த்துவிடலாம். உள்ளே தெரியப்போகும் கோளாறுகளில் பலவற்றுக்கு விடை வெளியே இருக்கிறது.

கதவைத் திறந்ததும் சமையல் எரிவாயு வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவு ஜன்னல்களைத் திறந்து, எளிதில் எட்டினால் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். வாடை இல்லையென்றால் மின்பெட்டியைத் திறந்து பாருங்கள். எலி கடித்த வயர், கருகிய முனை, எறும்புக் கூடு, ஈரம் இவற்றில் ஏதாவது இருந்தால் எலெக்ட்ரீஷியன் வரும்வரை மெயினைப் போட வேண்டாம்.

மோட்டார் உறுமுகிறது, சுழலவில்லை

உடனே அணையுங்கள். சுழலாத மோட்டாரில் மின்சாரம் பாய்ந்துகொண்டிருந்தால் சிறிது நேரத்திலேயே அதன் கம்பிச்சுருள் கருகிவிடும். மாதக்கணக்கில் ஓடாத பம்பில் இதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, தண்ணீரைத் தள்ளும் சுழல்தட்டான இம்பெல்லர் துருவோ உப்போ பிடித்து உறையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மற்றொன்று, மோட்டார் சுழலத் தொடங்க உதவும் கெப்பாசிட்டர் செயலிழந்திருக்கும்.

பிரித்தறிவது எளிது. மின்சாரத்தை முழுமையாகத் துண்டித்துவிட்டு, மோட்டாரின் பின்புற மூடியைக் கழற்றி விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, சிறிது நேரம் ஊறவைத்து, மெல்ல முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். எளிதாகச் சுழன்றால் சந்தேகம் கெப்பாசிட்டர் மேல். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும், வெறும் கையால் தொடக் கூடாது. மாற்றும்போது பழையதில் அச்சிட்டிருக்கும் மைக்ரோஃபாரட் அளவே புதியதிலும் இருக்க வேண்டும்.

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை

கிணற்று மேட்டில் வைத்த பம்பில் இது வந்தால் முதலில் பம்பில் தண்ணீர் நிரப்புவதற்கென்று உள்ள பிரைமிங் திருகைக் கழற்றித் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்ற ஊற்ற நிறையாமல் இறங்கிக்கொண்டே போனால் குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு பிடிக்கவில்லை. இலையோ சிறுகல்லோ சிக்கியிருக்கலாம், வாஷர் தேய்ந்திருக்கலாம். எது என்பது குழாயைத் தூக்கினால்தான் தெரியும்.

நிறைந்து நிற்கிறது, மோட்டாரைப் போட்டதும் சிறிது நேரம் தண்ணீர் வந்து பிறகு குமிழியாகத் துப்புகிறது என்றால், உறிஞ்சும் குழாயில் எங்கோ காற்று நுழைகிறது. அந்தப் பக்கத்தில் உள்ளிழுப்புதான் நடக்கும் என்பதால் ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே சொட்டாது, கண்ணுக்கும் தெரியாது. ஒவ்வோர் இணைப்பிலும் கெட்டியான கிரீசைத் தடவிக்கொண்டே வாருங்கள். எந்த இணைப்பில் தடவியதும் நீரோட்டம் சீராகிறதோ அங்கேதான் ஓட்டை.

இரண்டும் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் பம்பைக் குறை சொல்ல வேண்டாம், கிணற்றை எட்டிப் பாருங்கள். தரைமேல் உள்ள பம்பு தண்ணீரை இழுப்பதில்லை, வளிமண்டல அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அதன் எல்லை கணக்குப்படி ஏறக்குறைய 10.3 மீட்டர். நடைமுறையில் 7 மீட்டர் கிடைத்தாலே நல்ல பம்பு. கோடையில் நீர்மட்டம் அதற்குக் கீழே போய்விட்டால் எத்தனை குதிரைத்திறன் மோட்டாரை வாங்கி வைத்தாலும் ஏறாது. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, பம்பிலிருந்து நீர்மட்டம் வரை அளந்து பாருங்கள். பம்பைக் கீழே இறக்குவது அல்லது நீர்மூழ்கி மோட்டாருக்கு மாறுவது மட்டுமே இதற்குத் தீர்வு. பெரிய மோட்டாருக்குப் பணம் செலவழிப்பதற்கு முன் இந்த அளவை எடுத்தே தீர வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன்.

மும்முனை நீர்மூழ்கி மோட்டாரில், மின்கம்பி வேலை ஏதாவது நடந்த பிறகு தண்ணீர் மிகக் குறைவாக வந்தால், மோட்டார் எதிர்த்திசையில் சுழல்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்று முனைகளில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் திசை சரியாகிவிடும். நன்றாக வந்து, நின்று, கொஞ்ச நேரம் கழித்து மீண்டும் வந்தால் ஊற்றின் வேகத்தைவிட மோட்டார் வேகமாக இறைக்கிறது என்று பொருள். வால்வைக் குறைத்து வைத்து ஓட்டுங்கள். வறண்டு ஓடும் மோட்டார் விரைவில் கெட்டுவிடும்.

எந்தக் குழாயும் திறக்காமலே பிரஷர் பம்பு அவ்வப்போது தானாக ஓடினால் எங்கோ கசிகிறது. கழிப்பறை ஃபிளஷ் தொட்டியில் தொடங்கித் தேடுங்கள். குழாயைத் திறந்ததும் சில விநாடிக்கு ஒருமுறை ஓடி ஓடி நின்றால், அழுத்தத் தொட்டியில் காற்றுக் குறைந்திருக்கிறது.

தண்ணீரில் நிறம் அல்லது நாற்றம்

நீண்ட நாள் குழாயில் தேங்கிய தண்ணீரை அப்படியே பயன்படுத்தக் கூடாது. எல்லாக் குழாய்களையும் திறந்து ஓட விடுங்கள். ஷவரில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. லெஜியோனெல்லா என்னும் பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் தேங்கிய நீரில் பெருகும். அதன் நுண்துளிகளை மூச்சில் இழுப்பதால்தான் நோய் வருகிறது. ஷவர் தலையைக் கழற்றிவிட்டு அல்லது துணியால் சுற்றி, ஜன்னலைத் திறந்து வைத்து, மெதுவாக ஓட விடுங்கள்.

பிடிக்கும்போது தெளிவாக இருந்து, வாளியில் நிற்கும்போது செம்மஞ்சளாக மாறினால் அது நிலத்தடி நீரில் கரைந்த இரும்பு. குழாயிலிருந்தே சிவப்பாக வந்து சிறிது நேரத்தில் தெளிந்தால் குழாயின் துரு. அழுகிய முட்டை நாற்றம் சுடுதண்ணீரில் மட்டும் வந்தால் ஹீட்டருக்குள் இருக்கும் மக்னீசியத் தண்டு காரணமாக இருக்கலாம். இரண்டிலும் வந்தால் கிணற்றைப் பார்க்க வேண்டும்.

மழை பெய்த மறுநாள் கிணற்று நீர் கலங்குகிறது என்பதுதான் இவற்றில் மிகக் கவலைக்குரிய அறிகுறி. மண் வடிகட்டாத மேல்தண்ணீர் நேராக உள்ளே இறங்குகிறது. கிணற்றுச் சுவரின் மேல்பகுதி அல்லது ஆழ்துளைக் குழாயின் மூடி விட்டுப்போயிருக்கும். அதைச் சரிசெய்து, கிருமிநீக்கம் செய்து, ஆய்வகத்தில் சோதிக்கும்வரை தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வைத்தே குடியுங்கள். கொதிக்க வைப்பது கிருமிக்குத்தான் மருந்து. உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் வரும் நைட்ரேட் கொதித்தால் போகாது, தண்ணீர் வற்றுவதால் செறிவு கூடும். குடிநீரில் நைட்ரேட்டுக்கு உலக சுகாதார அமைப்பு வகுத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். இது கைக்குழந்தைகளை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. பால்பொடி கரைத்துக் கொடுக்கும் குழந்தை வீட்டில் இருந்தால் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

சாக்கடை நாற்றம், வடியாத தண்ணீர்

பூட்டிக் கிடந்த வீட்டில் சாக்கடை வாடை வந்தால் பெரும்பாலும் கோளாறே இல்லை. தரைத் துளைகளுக்கும் தொட்டிகளுக்கும் அடியில் உள்ள வளைகுழாயில் நிற்கும் நீர் வற்றியிருக்கும், அதைத் தாண்டி வாயு மேலே வருகிறது. ஒவ்வொரு துளையிலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள். ஊருக்குத் திரும்பும் நாளில் அதன் மேல் கொஞ்சம் சமையல் எண்ணெய் ஊற்றினால் நீர் ஆவியாவது தாமதப்படும்.

ஓர் இடத்தில் மட்டும் தண்ணீர் வடியவில்லை என்றால் அடைப்பு அங்கேயே இருக்கிறது. எல்லா இடத்திலும் மெதுவாக வடிந்து, கழிப்பறையில் களகளவென்று சத்தமும் வந்தால் பொதுக் குழாய், காற்றுப்போக்கி அல்லது செப்டிக் டேங்க் என்று போக வேண்டும். காற்றுப்போக்கிக் குழாயின் வாயில் பறவைக் கூடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அது செலவில்லாத சோதனை. வறண்ட காலத்தில், டேங்கின் கழிவுநீர் மண்ணில் இறங்கும் உறிஞ்சு குழியைச் சுற்றி மட்டும் புல் பசேலென்று செழித்து, காலடியில் சதசதவென்று இருந்தால், டேங்கிலிருந்து கசடு வெளியேறி மண்ணை அடைத்துவிட்டது. பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடு எடுப்பது வழக்கம். ஆட்கள் குறைவாக வந்துபோகும் வீட்டில் இடைவெளி நீளலாம், ஆனால் அளந்து பார்க்காமல் நீட்டக் கூடாது.

டேங்கின் மூடியைத் திறந்து தலையை உள்ளே நீட்டாதீர்கள், யாரையும் உள்ளே இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு சில மூச்சிலேயே மயங்க வைத்துவிடும். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து இறந்த துயரம் பல ஊர்களில் நடந்திருக்கிறது. இயந்திரம் வைத்து உறிஞ்சும் வண்டியை வரவழையுங்கள்.

சுவரில் ஈரமும் உப்பும்

ஈரச் சுவர் என்பது ஒரே நோயல்ல. தரையிலிருந்து ஏறும் ஓதம் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் நின்று, அங்கே வெள்ளை உப்புக் கோடு போட்டிருக்கும். மழைக்குப் பிறகு பெருத்து, வெயிலில் சுருங்கும் திட்டு வெளியிலிருந்து ஊடுருவும் நீர். மூலையிலும் அலமாரிக்குப் பின்னாலும் கரும்பூஞ்சையாகப் படர்வது காற்றின் ஈரம் குளிர்ந்து படிந்தது. மழைக்கும் வெயிலுக்கும் அசையாமல் எப்போதும் ஈரமாகவே இருக்கும் திட்டுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் போகிறதா என்று பாருங்கள்.

ஐயம் இருந்தால் உள்ளங்கை அகல அலுமினியத் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் ஒட்டி, ஓரிரு நாள் விட்டு எடுங்கள். தாளின் அறைப்பக்கம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம். சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள் இருந்து வருகிறது. முதலாவதற்கு ஜன்னல்களும் காற்றோட்டமும் போதும். பூட்டும்போது அலமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, கதவுகளைத் திறந்தே விடுங்கள்.

ஓதத்துக்கு வேதிப்பூச்சு வாங்குவதற்கு முன் மண்வெட்டியை எடுங்கள். பல ஆண்டுகளாகச் சுவரோரம் சேர்ந்த மண்ணும் இலைமக்கும் வீட்டின் தரைமட்டத்தைத் தாண்டி உயர்ந்திருக்கும். அதை 15 சென்டிமீட்டராவது தரைமட்டத்துக்குக் கீழே போகும்படி வெட்டி எடுத்து, மழைநீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி சரிவு கொடுத்துவிட்டு, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பொறுத்துப் பாருங்கள். உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போய்விடும்.

பழைய வீட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், அப்படித்தான் அது இத்தனை காலம் நின்றிருக்கிறது. உதிர்கிறதே என்று அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வெளியேறும் வழி அடைபடும். அது இன்னும் மேலே ஏறி, பூச்சையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும். நல்ல எண்ணத்தோடு பழைய சுவர்களுக்குச் செய்யப்படும் தீங்குகளில் இதுவே பெரிது. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான்.

கூரை ஒழுகுகிறது

சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பாதீர்கள். தண்ணீர் கைமரத்தையோ ரீப்பரையோ பிடித்துக்கொண்டு வெகுதூரம் ஓடிவந்து, முதலில் தடை பட்ட இடத்தில் சொட்டும். பரணில் ஏறி, கறையைப் பிடித்துக்கொண்டு சரிவில் மேல்நோக்கிப் போங்கள். இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாய், சுவரும் கூரையும் சேரும் இடம், ஆணித் துளைகள் ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தகரக் கூரையில் ஆணியின் ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்திருக்கும்.

தெரியவில்லை என்றால் மழை இல்லாத நாளில் ஒருவர் உள்ளே நிற்க, மற்றவர் ஹோஸ் குழாயால் கூரையை நனைக்கலாம். கீழிருந்து தொடங்கி, ஓர் இடத்தில் பத்து நிமிடமாவது ஓடவிட்டு, பிறகே மேலே நகர வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து சோதனை வீணாகும். கான்கிரீட் தளத்தில் ஒழுகினால் வடிகுழாய் வாயில் அடைத்திருக்கும் சருகை அள்ளுங்கள். அதுவே முழுத் தீர்வாக இருப்பது உண்டு. இல்லையென்றால் கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசலைத் தேடுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டின் மேல் கால் வைக்க வேண்டாம், உடையும். அதைத் துளையிடவோ உலர்வாகத் தேய்க்கவோ வேண்டாம், அதன் இழைகள் நுரையீரலுக்குக் கேடு.

பிரேக்கர் விழுகிறது, விளக்கு மங்குகிறது

போட்ட கணமே விழுந்தால் ஷார்ட். சிறிது நேரம் ஓடிய பிறகு விழுந்தால் சுமை அதிகம். மின்சாரம் கசிந்தால் அணையும் கசிவு பிரேக்கர் விழுந்தால் எல்லா பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு அதைத் தூக்கி, ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். எதைச் செருகியதும் விழுகிறதோ அதுதான் குற்றவாளி. மழையன்று மட்டும் விழுந்தால் வெளிவிளக்கு, கிணற்று மோட்டார் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சில விளக்குகள் மங்கி, வேறு சில வழக்கத்தை மீறி ஒளிர்ந்தால் மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி விட்டுப்போயிருக்கலாம். மெயினை அணைத்துவிட்டு ஆளை அழையுங்கள், அது தீயில் போய் முடியக்கூடியது.

விரிசலும் பிடிக்கும் கதவும்

மயிரிழை விரிசல் பூச்சோடு நிற்கும். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு வடிவில் சாய்வாக ஏறி, 5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்ற விரிசல் அஸ்திவாரத்தைப் பற்றிப் பேசுகிறது. பூசாதீர்கள். இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டு, தேதியும் அகலமும் சுவரிலேயே எழுதுங்கள். அடுத்த முறை வருபவர் பார்த்ததும் அது நிற்கிறதா வளர்கிறதா என்று தெரிந்துவிடும். களிமண் நிலம் மழையில் உப்பி வெயிலில் சுருங்குவதால், பருவத்துக்குப் பருவம் திறந்து மூடும் விரிசலும் உண்டு. விரிசலுக்குக் கீழே வடிகுழாய் உடைந்து மண்ணை அரிக்கிறதா என்று பாருங்கள். அருகில் பெரிய மரம் இருந்தால் அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். களிமண்ணில் மரம் குடித்த நீர் திடீரென்று நின்றுவிட்டால் மண் உப்பி வீட்டைத் தூக்கும். பொறியாளரைக் கேட்ட பிறகே கோடரி.

மழைக்காலத்தில் மட்டும் பிடிக்கும் கதவு மரத்தின் உப்பல். கோடையிலும் பிடித்தால் நிலையின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். அளவு வேறுபட்டு, பக்கத்தில் புதிய விரிசலும் இருந்தால் சுவர் அசைந்திருக்கிறது.

மரத்தடியில் தூள், சுவரில் மண்கோடு

மாவு போன்ற தூளும் சிறு துளைகளும் உளு என்னும் மரம் துளைக்கும் வண்டு. மணல் போன்ற, ஆறு பட்டை கொண்ட சிறு மணிகள் உலர்மரக் கரையான். தரையிலிருந்து ஏறும் மண்கோடு நிலக்கரையான். கோட்டில் விரலகலம் உடைத்துவிட்டுச் சில நாள் கழித்துப் பாருங்கள். மீண்டும் கட்டியிருந்தால் உள்ளே உயிரோடு இருக்கிறது. கட்டாததால் மட்டும் இல்லை என்று முடிவு செய்ய முடியாது. மண்ணைத் தொடும் மரம், சுவரோரம் அடுக்கிய விறகு, கசியும் குழாய் மூன்றையும் அகற்றாமல் மருந்து அடித்தால் பலன் நிலைக்காது.

எலிப் புழுக்கை

உலர்வாகப் பெருக்காதீர்கள், தூசியோடு நோய்க்கிருமியும் மூச்சில் ஏறும். கையுறை போட்டு, கிருமிநாசினி தெளித்து ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளியே போதும். இரும்பு நாரை அடைத்துப் பூசுங்கள். எலி நின்றால் அதைத் தேடி வரும் பாம்பும் குறையும்.

ஒரே கோளாறு ஆண்டுதோறும் திரும்புகிறது

இதற்குக் காரணம் சுவரிலும் இல்லை, கூரையிலும் இல்லை. போன முறை வந்தவர் என்ன பார்த்தார், என்ன செய்தார், எதைச் செய்யாமல் விட்டார் என்பது இந்த முறை வந்தவருக்குத் தெரியாது. அண்ணன் கொத்தனாருக்குக் கொடுத்ததைத் தங்கை அறியாமல் வேறொருவருக்கும் கொடுப்பார். பிறகு யார் எவ்வளவு செலவழித்தார்கள் என்பதில் மனக்கசப்பு வரும்.

மெயின் பெட்டிக்குப் பக்கத்தில் கெட்டி அட்டைபோட்ட நோட்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். தேதி, பார்த்த அறிகுறி, அன்று மழையா வெயிலா, செய்த வேலை, கொடுத்த பணம், பாக்கி நிற்கும் வேலை ஆகியவற்றை எழுதினால் போதும். கோடையில் கிணற்று ஆழம், கெப்பாசிட்டர் அளவு, கடைசியாகக் கசடு எடுத்த நாள், தண்ணீரை நிறுத்தும் வால்வு இருக்கும் இடம் இவற்றை முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஆண்டுக்கு ஒருவர் என்று பொறுப்பை முறைவைத்து, எல்லாரும் சிறு தொகையை முன்கூட்டியே ஒரே கணக்கில் போட்டுவிட்டால், ஒழுகும்போது யாரைக் கேட்பது என்ற தயக்கத்தில் மழைக்காலம் கழிந்துபோகாது. செப்டிக் டேங்கின் மூடி எங்கே புதைந்திருக்கிறது என்று தெரிந்தவர் பெரியப்பா ஒருவர்தான் என்றால், இந்த விடுமுறையிலேயே அவரை அழைத்துப்போய், வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்தும் நாடா பிடித்து அளந்து எழுதிவிடுங்கள்.